ஒரே மக்கள், இரு நாடுகள்: உகாண்டாவும் லெஸ்டரும்

வேற்று நாட்டார் வந்து குடியேறும்போது அவர்களை ஏற்கும் நாடு பெறுவது என்ன, இழப்பது என்ன என்ற வினா இன்று உலகின் பல நாடுகளில் எழுந்து நிற்கிறது. வந்தவர்கள் உள்ளூராரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பர் ஒரு சாரார். வந்தவர்களாலேயே தொழில் பெருகுகிறது என்பர் மற்றொரு சாரார். இவ்வாதத்தைக் கருத்தளவிலேயே நடத்தினால் முடிவு காண்பது அரிது. ஒரே மக்கள் கூட்டம் இரு வேறு நாடுகளில் குடியேறி இரு வேறு விளைவுகளைக் கண்ட வரலாறு ஒன்று கிடைக்குமாயின், அவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்வதே தெளிவு தரும்.

குஜராத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் சென்ற இந்தியக் குடும்பங்களின் வரலாறு அத்தகையது. அவர்களுள் இந்துக்களும் இஸ்மாயிலி முஸ்லிம்களும் சமணர்களும் இருந்தனர். ஒரு நாட்டில் செல்வம் சேர்த்து, அதனைத் தொண்ணூறே நாள்களில் இழந்து, மற்றொரு நாட்டில் ஆலைத் தொழிலாளராகத் தொடங்கி மீண்டும் தலைநிமிர்ந்தவர்கள் இவர்கள். வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட எந்தச் சமூகத்துக்கும் இவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்க நிறைய உண்டு.

கடல் கடந்த கடை

ஆங்கிலேய அரசு 1896இல் மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி இருப்புப்பாதை அமைக்கத் தொடங்கியது. 1901இல் பாதை ஏரிக்கரையை அடைந்தது. இப்பணிக்காக இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாலும் விபத்தாலும் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். ஏறத்தாழ 6,700 பேர் மட்டுமே அங்குத் தங்கினர்.

கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர் அனைவரும் இத்தொழிலாளரின் வழிவந்தோர் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் மிகப் பலர் தம் சொந்தச் செலவில் வந்தவர்கள். கட்ச், சௌராஷ்டிரம், சரோத்தர் ஆகிய பகுதிகளிலிருந்து முதலில் பாய்மரக் கப்பல்களிலும் பின்னர் நீராவிக் கப்பல்களிலும் அவர்கள் வந்தனர். உறவினர் ஒருவரின் கடையில் சில ஆண்டுகள் கணக்கெழுதி, தொழில் பழகி, பின் சரக்கைக் கடனாகப் பெற்று வேறோர் ஊரில் தனிக்கடை வைப்பது அவர்களது வழக்கம். உறவும் நாணயமுமே முதலீடாக நின்றன.

‘துக்கா’ என்று அங்கு வழங்கிய இச்சிறு கடைகளில் உப்பு, துணி, மண்ணெண்ணெய், மண்வெட்டி யாவும் கிடைத்தன. அதே கடைக்காரர் ஊராரிடமிருந்து பருத்தியும் தோலும் பிறவும் வாங்கினார். பண்டமாற்றில் வாழ்ந்த சிற்றூர்களுக்குப் பணப்புழக்கம் வந்து சேர்ந்ததில் இக்கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கட்ச் பகுதியிலிருந்து சிறுவனாக வந்த அலிதினா விஸ்ராம், உள்நாடு வரை வரிசையாகக் கடைகளைத் திறந்து இவ்வணிகத்துக்கு வழி வகுத்தார். அடுத்த தலைமுறையில் நான்ஜி காளிதாஸ் மேத்தா 1924இல் லுகாசியிலும், முல்ஜிபாய் மாத்வானி 1930இல் ககிராவிலும் சர்க்கரை ஆலைகளை நிறுவினர். கடைக்காரரின் மரபு ஆலை அதிபரின் மரபாக வளர்ந்தது.

வளர்ச்சியும் பிளவும்

இக்குடியேற்றத்தால் உகாண்டா பெற்ற நன்மை ஐயத்துக்கு இடமற்றது. சந்தைகள் தோன்றின, ஆலைகள் எழுந்தன, அரசுக்கு வரி வருவாய் பெருகியது. ஆயினும் இவ்வளர்ச்சி நிகழ்ந்தது ஒரு குடியேற்றவாத அமைப்புக்குள். ஆட்சி வெள்ளையரிடம், வணிகமும் எழுத்தர் பணியும் இந்தியரிடம், உழவும் உடலுழைப்பும் ஆப்பிரிக்கரிடம் என மூன்று அடுக்குகளாக அச்சமூகம் பிரிக்கப்பட்டிருந்தது. ஊதியமும் பள்ளியும் மருத்துவமனையும்கூட இனவாரியாக வேறுபட்டன. இந்தியர் விளைநிலம் வாங்கத் தடைகள் இருந்தன. ஆப்பிரிக்கர் பெருவணிகத்தில் நுழையத் தடைகள் இருந்தன.

இவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்டது பருத்தியில். பருத்தி விளைவித்தவர் ஆப்பிரிக்க உழவர். கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலைகளோ பெரும்பாலும் இந்தியர் கையில் இருந்தன. தம் பருத்தியைத் தாமே ஆலையிலிட்டு விற்கும் உரிமை வேண்டும் என்பது 1949இல் புகாண்டா பகுதியில் மூண்ட கிளர்ச்சியின் கோரிக்கைகளுள் ஒன்று. 1959இல் அதே பகுதியில் இந்தியக் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் நடந்தது. விலையையும் உரிமங்களையும் வகுத்தவர்கள் அரசு அலுவலகங்களில் இருந்தனர். உழவர் கண்டதோ தராசைப் பிடித்த கடைக்காரரை மட்டுமே. ஆட்சியாளர் வகுத்த அநீதியின் பழி எளிதில் அத்தராசின்மேல் விழுந்தது.

இந்தியரும் தங்கள் வட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தனர். கோயில், பள்ளி, மண்டபம், திருமணம் யாவும் சாதிக்குள்ளும் சமயத்துக்குள்ளும் அடங்கின. பணியாளராக அன்றி வேறு வகையில் ஓர் ஆப்பிரிக்கர் இந்திய இல்லத்தினுள் நுழைவது அரிதாக இருந்தது. உகாண்டா 1962இல் விடுதலை பெற்றபோது, மக்கள்தொகையில் ஒரு சதவீத அளவே இருந்த இந்தியர் நாட்டின் வணிகத்தில் பெரும்பகுதியை நடத்தினர். குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்கப்பட்டபோது சிலர் உகாண்டாக் குடிமக்களாயினர்; பலர் எதிர்காலத்தை எண்ணி அஞ்சி, பிரிட்டிஷ் கடவுச்சீட்டையே வைத்துக்கொண்டனர். அவ்வச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அது அவர்கள் இந்நாட்டைத் தமதாக ஏற்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கும் இடமளித்தது.

தொண்ணூறு நாள்கள்

1971 ஜனவரியில் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த இடி அமீன், 1972 ஆகஸ்ட் 4 அன்று, இந்தியர் நாட்டின் பொருளாதாரத்தைச் சுரண்டுவதாகக் குற்றஞ்சாட்டி, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உடையோர் 90 நாள்களில் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். அவ்வாணை பின்னர் பலவாறு விரிந்தது. உகாண்டாக் குடியுரிமை பெற்றோரிலும் பலர் ஆவணக் குறை கூறப்பட்டு நாடற்றோராயினர். ஐம்பது பவுண்டை ஒட்டிய தொகையும் சில பெட்டிகளுமே குடும்பம் ஒன்று எடுத்துச் செல்ல முடிந்தது. விமான நிலையம் செல்லும் வழியில் சோதனைச் சாவடிகளில் நகைகளும் பறிக்கப்பட்டன. மூன்று தலைமுறையின் உழைப்பு கதவடைத்த கடைகளாகப் பின்தங்கியது.

சமூகத்தில் நிலவிய பிளவு இவ்வெளியேற்றத்தை எளிதாக்கியது என்பது உண்மை. அப்பிளவு இக்கொடுமைக்கு ஒருபோதும் நியாயமாகாது. குற்றம் ஆணையிட்டவரையே சாரும்.

பிரிட்டனிலும் நிலைமை சாதகமாக இல்லை. கென்யாவிலிருந்து இந்தியர் வரத் தொடங்கியபோதே, 1968இல் மூன்றே நாள்களில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டு, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தும் அவர்களது வருகைக்கு ஆண்டு வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் ஈனாக் பவல் குடியேற்றத்தை எதிர்த்து ஆற்றிய உரை நாட்டையே கொந்தளிக்கச் செய்தது. அச்சூழலிலும், பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசு உகாண்டா இந்தியர்பால் தனக்குச் சட்டக் கடமை உண்டு என்பதை ஏற்றது. ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டன் வந்தனர். கனடா சுமார் 6,000 பேரை ஏற்றது. இந்தியாவும் பிற நாடுகளும் எஞ்சியோருக்கு இடமளித்தன.

வராதீர்கள் என்ற விளம்பரம்

வந்தவர்களைக் குடியமர்த்த ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. முதல் விமானம் 1972 செப்டம்பர் 18 அன்று ஸ்டான்ஸ்டெட்டில் இறங்கியது. பயனற்றுக் கிடந்த இராணுவ முகாம்கள் உள்ளிட்ட 16 இடங்களில் தற்காலிக உறைவிடம் தரப்பட்டது. பல்லாயிரம் தன்னார்வலர் கம்பளி ஆடையும் உணவும் கொண்டுவந்து உதவினர். ஏற்கெனவே குடியேறியோர் மிகுந்த நகரங்களுக்குச் செல்ல வேண்டாம் என்று வாரியம் அறிவுறுத்தியது. அந்நகரங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர்.

லெஸ்டர் மாநகராட்சி ஒரு படி மேலே சென்றது. செப்டம்பர் நடுவில் உகாண்டாவின் நாளிதழ் ஒன்றிலேயே விளம்பரம் வெளியிட்டது. வீடு வேண்டிப் பல்லாயிரம் குடும்பங்கள் காத்திருக்கின்றன. பள்ளிகளில் இடமின்றி நூற்றுக்கணக்கான சிறுவர் உள்ளனர். மருத்துவ, சமூகப் பணிகள் எல்லை கடந்துவிட்டன. ஆகவே லெஸ்டருக்கு வராதீர்கள் என்பதே அதன் சாரம். இதனை இனவெறுப்பு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. வீட்டுப் பற்றாக்குறையும் பள்ளி நெருக்கடியும் மெய்யானவை. குடியேற்றத்தின் நன்மை நாடு முழுவதற்கும் பல ஆண்டுகளில் பரவுகிறது. அதன் சுமையோ சில நகரங்களின் மீது, அதுவும் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே விழுகிறது. அச்சுமையை நடுவண் அரசு பகிர்ந்துகொள்ளாதபோது உள்ளூரில் கசப்பு விளைவது இயல்பு.

விளம்பரத்தையும் மீறிப் பல்லாயிரம் பேர் லெஸ்டருக்கே வந்தனர். உறவினர் அங்கு இருந்தனர், கென்யாவிலிருந்து வந்தோர் முன்னரே கடைகள் திறந்திருந்தனர், வேலையும் இருந்தது. அந்நகரம் பின்னலாடை, காலணி, பொறியியல் தொழில்களுக்குப் பெயர்பெற்றது. பெண்களுக்கும் ஆலை வேலை கிடைத்தது அந்நகரின் தனிச்சிறப்பு.

ஆலையில் தொடங்கிய வாழ்வு

கம்பாலாவில் கடை முதலாளியாக இருந்தவர் லெஸ்டரில் இரவு நேர ஆலைத் தொழிலாளியானார். ஆசிரியர் கிடங்கில் பெட்டி சுமந்தார். இல்லத்தை மட்டுமே ஆண்ட பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து முதன்முறையாக வாரச் சம்பளம் பெற்றனர். உள்ளூர்த் தொழிலாளர் விரும்பாத நேரத்திலும் துறையிலும் ஆள் தேவைப்பட்டது. அத்தேவையை இவர்கள் நிறைவு செய்தனர். வேலை பறிபோயிற்று என்ற கூற்று அந்த ஆண்டுகளின் ஆலை நிலைமைக்குப் பொருந்தவில்லை.

பொருந்தாதது மற்றொன்றும் உண்டு: சமநீதி. 1972இல் அருகிலிருந்த லஃப்பரோ நகரின் பின்னலாடை ஆலையில், கூடுதல் ஊதியம் தரும் பணிகள் தமக்கு மறுக்கப்படுவதை எதிர்த்து ஆசியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1974 மே மாதம் லெஸ்டரின் இம்பீரியல் தட்டச்சுப் பொறித் தொழிற்சாலையிலும் ஊக்கத்தொகையில் வஞ்சிக்கப்படுவதாகக் கூறி அவர்கள் வெளிநடப்புச் செய்தனர். அவர்கள் சந்தா செலுத்திய தொழிற்சங்கமே அப்போராட்டத்தை ஏற்க மறுத்தது. ஏறத்தாழ 14 வாரம் நீடித்த அப்போராட்டத்துக்கு மறு ஆண்டு அந்த ஆலையே மூடப்பட்டது.

ஆயினும் அதன் பயன் வீணாகவில்லை. 1976இல் லண்டனின் கிரன்விக் புகைப்பட நிலையத்தில் ஜெயாபென் தேசாய் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. குஜராத்தில் பிறந்து தான்சானியா வழியாக வந்த அந்தப் பெண்மணிக்கு ஆதரவாக, இம்முறை நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கான தொழிற்சங்கத்தார் திரண்டனர். 1978இல் போராட்டம் தோல்வியில் முடிந்தபோதிலும், தொழிற்சங்கங்கள் குடியேறியோரைப் பார்க்கும் பார்வை மாறிற்று. உகாண்டாவில் ஒருபோதும் நிகழாத ஒன்று இங்கு நிகழ்ந்தது: வந்தவரும் உள்ளூராரும் ஒரே வாயிலில் ஒரே கோரிக்கைக்காக நின்றனர்.

கடையும் தெருவும்

சில ஆண்டுச் சேமிப்பும் உறவினர் கடனும் கொண்டு பலர் மீண்டும் கடை வைத்தனர். அக்காலத்தில் பிரிட்டனின் கடைகள் மாலையில் விரைவில் மூடப்பட்டன. வார நடுவில் அரைநாள் விடுமுறையும் உண்டு. விடியற்காலை முதல் இரவு வரை திறந்திருந்த குஜராத்திக் கடைகள், பணிக்குச் செல்வோரின் நெடுநாள் குறையைத் தீர்த்தன. செய்தித்தாள் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை எனத் தெருமுனை வணிகம் நாடெங்கும் புத்துயிர் பெற்றது. குடும்பமே உழைத்தது, பிள்ளைகள் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து பாடம் படித்தனர்.

லெஸ்டரின் பெல்கிரேவ் சாலை நலிந்து கிடந்தது. நகை, புடவை, இனிப்பு, பலசரக்குக் கடைகள் வரிசையாகத் திறக்கப்பட்டபின் பிற நகரத்தாரும் நாடிவரும் வணிக வீதியாக அது மாறிற்று. 1983 முதல் அங்கு ஏற்றப்படும் தீபாவளி விளக்குகள் நகரின் பொது விழாவாகிவிட்டன. பழைய பின்னலாடை ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, வெற்றுக் கட்டடங்களில் ஆசியர் சிறு தையல் தொழில்களைத் தொடங்கினர். தொழில் முற்றிலும் அற்றுப்போவதை அது தடுத்தது.

பற்றுப் பக்கம்

கணக்கேட்டில் வரவை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1976 மாநகராட்சித் தேர்தலில், குடியேற்றத்தை எதிர்த்த நேஷனல் ஃபிரண்ட் கட்சி லெஸ்டரில் ஏறத்தாழ 18 சதவீத வாக்குகளைப் பெற்றது. இடம் ஒன்றும் வெல்லவில்லை எனினும், நகரில் நிலவிய அச்சத்தின் அளவை அது காட்டியது. அதே ஆண்டின் இன உறவுச் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கும் கடமையை உள்ளாட்சிகளுக்கும் விதித்தது. ஆசியர் வாக்களித்தனர், தேர்தலில் நின்றனர், மன்ற உறுப்பினராயினர். வராதீர்கள் என்ற மாநகராட்சியிலேயே அவர்கள் அமர்ந்தனர்.

சிறு தையல் கூடங்களின் கதையில் கறையும் உண்டு. சட்டம் விதித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே அவற்றுள் சில கூலி கொடுத்தன. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இது நாடறிய வெளிவந்தது. உரிமையாளரும் தொழிலாளரும் பெரும்பாலும் குடியேறியோரே. ஒரு காலத்தில் ஊக்கத்தொகைக்காகப் போராடிய சமூகத்தின் நடுவிலேயே, பின்னர் வந்த ஏழையரின் கூலி குறைக்கப்பட்டது. 2022இல் அந்நகரின் இந்து, முஸ்லிம் இளைஞரிடையே மோதலும் நிகழ்ந்தது. நல்லிணக்கம் ஒருமுறை அடைந்து பூட்டிவைக்கும் பொருளாக இல்லை என்பதை அது நினைவூட்டிற்று.

வந்தவரின் வழித்தோன்றலே புதிதாக வருவோரிடம் கடுமை காட்டுவதும் உண்டு. உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்திப் பெற்றோரின் மகளான பிரீத்தி படேல், உள்துறை அமைச்சராகக் குடியேற்ற விதிகளை இறுக்கினார். கென்யாவில் பிறந்த தந்தைக்கும் தான்சானியாவில் பிறந்த தாய்க்கும் மகனாகப் பிறந்து, தாயின் மருந்துக் கடையில் உதவி வளர்ந்த ரிஷி சுனக், உகாண்டா வெளியேற்றத்தின் ஐம்பதாம் ஆண்டில், 2022இல், பிரதமரானார். குடியேறியோரின் பிள்ளைகள் பிற குடிமக்களைப் போலவே பல கருத்துகளை உடையவர்கள் என்பதே இதனால் அறியத்தக்கது.

வெறிச்சோடிய கடைகள்

அனுப்பிய நாட்டின் கதை என்னாயிற்று? 5,600க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் பண்ணைகளும் கைப்பற்றப்பட்டு, பெரும்பகுதி இராணுவத்தாருக்கும் அமீனின் ஆதரவாளருக்கும் பங்கிடப்பட்டது. இருந்த சரக்கு விற்றுத் தீர்ந்தபின் புதிய சரக்கு வரவில்லை. கொள்முதல், கடன், கணக்கு, இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றை அறிந்த கைகள் அகன்றுவிட்டன. சர்க்கரை ஆலைகள் ஏறத்தாழ நின்றன. சர்க்கரையும் உப்பும் சோப்பும் அரிய பொருள்களாயின. கட்டடத்தையும் இயந்திரத்தையும் பறிக்க முடிந்தது. அவற்றை இயக்கிய அறிவையும் நம்பிக்கையையும் பறிக்க முடியவில்லை.

1982இல் பறித்த சொத்துகளைத் திருப்பித் தரும் சட்டம் இயற்றப்பட்டது. 1986இல் ஆட்சிக்கு வந்த முசேவேனி, வெளியேற்றப்பட்டோரை மீண்டும் வருமாறு அழைத்தார். மேத்தா, மாத்வானி குடும்பங்கள் திரும்பிவந்து ஆலைகளைச் சீர்செய்தன. எனினும் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களது பிள்ளைகளுக்கு லெஸ்டரும் லண்டனுமே ஊராகிவிட்டன.

ஒரு தேவாலயம் ஜினாலயமானது

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து லெஸ்டர் வந்தோரில் சமணர் சிறு தொகையினரே. நகரின் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் வழிபடுவோர் குறைந்துபோன கிறித்தவத் தேவாலயம் ஒன்றை அவர்கள் 1979இல் வாங்கினர். இந்தியச் சிற்பிகளின் பளிங்கு வேலைப்பாட்டுடன் அது ஜினாலயமாக மாற்றப்பட்டு 1988இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சுவேதாம்பரர், திகம்பரர் இரு பிரிவினருக்கும் அங்கு வழிபாட்டிடம் உண்டு. ஸ்தானகவாசிகளுக்கும் ஸ்ரீமத் ராஜசந்திரரைப் போற்றுவோருக்கும் தனி இடங்கள் உண்டு. தாயகத்தில் தனித்தனியே வழிபடும் பிரிவினர், எண்ணிக்கை குறைந்த அந்நிய மண்ணில் ஒரே கூரையின்கீழ் வந்தனர். நகரின் பள்ளி மாணவரும் பார்வையாளரும் அங்கு வந்து அகிம்சை நெறியை அறிந்து செல்கின்றனர். உகாண்டாவின் மூடிய மண்டபங்களுக்கும் இத்திறந்த வாயிலுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

வரலாறு காட்டுவது

2021 மக்கள்தொகைக் கணக்கின்படி லெஸ்டரின் மக்களில் 43 சதவீதத்தினர் ஆசியர். அந்நகரம் அழியவில்லை, முன்பிருந்தவாறே நிற்கவும் இல்லை. குடியேற்றம் தன்னளவில் வரமோ சாபமோ ஆகவில்லை. மூன்று காரணங்கள் லெஸ்டரில் பயன் விளையச் செய்தன. வந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வேலை செய்யவும் வாக்களிக்கவும் சட்ட உரிமை இருந்தது. அவர்களது உழைப்புக்கு நகரில் தேவை இருந்தது. ஆலையிலும் பள்ளியிலும் மன்றத்திலும் உள்ளூராரோடு கலக்க, அவ்வப்போது மோதவும், இடம் இருந்தது. முதலிரண்டின் ஒரு பகுதி உகாண்டாவிலும் இருந்தது. மூன்றாவதை அங்கிருந்த ஆட்சி அனுமதிக்கவில்லை; வணிகச் சமூகமும் அதனைப் பெரிதாக நாடவில்லை.

செல்வத்தைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கலாம் என்று எண்ணிய தலைமுறை அதனை விமான நிலையச் சாலையில் இழந்தது. எடுத்துச் செல்ல முடிந்தவை கைத்தொழிலும் கல்வியும் உறவினரிடையே இருந்த நாணயமுமே. அவற்றுடன் அண்டை வீட்டாரின் நம்பிக்கையையும் சேர்த்துக்கொண்டபோதுதான் இரண்டாம் குடியேற்றம் வேரூன்றியது. வந்த ஊரில் கடை திறக்கும் எவரும், அந்த ஊரின் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பொதுமன்றத்திலும் தமக்கு எத்தனை பங்கு உண்டு என்பதையும் ஆண்டுதோறும் ஐந்தொகையில் எழுதிப் பார்ப்பது நன்று.